விளிம்புக்கும் ஒளி வேண்டும்: கணித மேதை பெட்ஸ்வாலின் வாழ்வு

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் இயற்பியல் துறையின் ஆய்வக உதவியாளருக்குப் பிரிவு உபசார விழா நடைபெற்றது. 32 ஆண்டுகள் அந்த ஆய்வகத்தின் சாவிக்கொத்தைச் சுமந்தவர் அவர். முப்பட்டகத்தை எப்படி நிறுத்துவது, நிறமாலைமானியின் தொலைநோக்கியை எப்படிச் சரிசெய்வது என்பதையெல்லாம், பேராசிரியர்கள் பாடம் நடத்தி முடித்த பிறகு, எங்கள் கையைப் பிடித்துக் காட்டித் தந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம்.

விழா முடிவில் குழுப்படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஸ்டூடியோ வைத்திருக்கும் என் மாமாவிடம் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா ஒன்றையும், 24 மி.மீ. எஃப்/1.4 பிரைம் லென்ஸ் ஒன்றையும் இரவல் வாங்கி வந்திருந்தேன். ஆய்வகமோ சிறியது, நிற்பவர்களோ நாற்பது பேர். ஆகவே அகலக் கோண லென்ஸ் தேவைப்பட்டது. மாலை மங்கிவிட்டது, ஆகவே லென்ஸின் துளையை முழுவதும் திறந்து வைத்தேன். நடுவில் அமர்ந்திருந்த முதல்வர் மீது குவியம் வைத்துப் படத்தை எடுத்தேன்.

மறுநாள் கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது என் முகம் வாடியது. நடுவில் இருந்தவர்களின் கண்ணிமை முடிகூடத் தெளிவாக இருந்தது. ஆனால் அண்ணன், தம் வழக்கப்படி, தமக்கு எடுக்கும் விழாவிலும் வரிசையின் ஓரத்திலேயே போய் நின்றுவிட்டார். அவருடைய முகம் மங்கி, பக்கவாட்டில் இழுபட்டுக் கிடந்தது. யாருக்காகப் படம் எடுத்தோமோ அவர் முகம் மட்டும் சரியில்லை!

துறைத்தலைவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. படம் ஏன் அப்படி வந்தது என்பதைக் கண்டுபிடித்து வரும்படி பணித்தார். போகும்போது, பெட்ஸ்வால் என்ற பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரைத் தேடிப் போனவன் ஒரு பெரும் வாழ்க்கையைக் கண்டேன். அதனை என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

செருப்புத் தைக்க இருந்த சிறுவன்

ஜோசப் பெட்ஸ்வால் 1807-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் ஸ்பிஷ்ஸ்கா பெலா என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அது ஹங்கேரி அரசில் இருந்தது. இன்று ஸ்லோவாக்கியா நாட்டில் இருக்கிறது. தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். வருமானம் குறைவு, பிள்ளைகள் பலர்.

பிற்காலத்தில் கணிதப் பேராசிரியரான இவர், பள்ளிப் பருவத்தில் கணிதத்தில் பின்தங்கியிருந்தார் என்றும், வீட்டார் இவரைச் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு அனுப்ப எண்ணினார்கள் என்றும் சொல்வதுண்டு. ஒரு கோடை விடுமுறையில் கணித நூல் ஒன்றைத் தாமே படித்துத் தேர்ந்தபின் அவர் நிலை மாறிற்றாம். கணிதம் வராது என்று மனம் சோர்ந்திருக்கும் நம் நண்பர்கள் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பின்னர் பெஸ்ட் நகரில் பொறியியல் பயின்று, 1828-இல் அந்நகராட்சியிலேயே பொறியாளர் ஆனார். டான்யூப் ஆற்று வெள்ளத்திலிருந்து நகரைக் காப்பதற்கான பணிகளும், கழிவுநீர்க் கால்வாய்ப் பணிகளும் அவரிடம் இருந்தன. பகலில் வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகப் படிப்பையும் தொடர்ந்து 1832-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1837-இல் வியன்னாப் பல்கலைக்கழகம் அவரைக் கணிதப் பேராசிரியராக ஏற்றது. அதற்கு மறு ஆண்டே டான்யூப் பெருக்கெடுத்துப் பெஸ்ட் நகரின் பெரும்பகுதியை அழித்தது என்பதை எண்ணும்போது, அந்த இளம் பொறியாளர் செய்துவந்த வேலை எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

ஒளிக்கு வழிவிட்ட கணக்கு

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரில், டாகேர் என்பவர் கண்டுபிடித்த ஒளிப்பட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய தகட்டில் உருவம் பதியும் அற்புதத்தைக் கண்டு உலகமே வியந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது. அன்றைய கேமராவில் பொருத்தப்பட்ட ஷெவாலியே லென்ஸின் துளை மிகச் சிறியது; ஏறத்தாழ எஃப்/15. ஆகவே நல்ல வெயிலிலும் படம் பதியப் பல நிமிடங்கள், சில வேளைகளில் அரைமணி நேரம்கூட ஆயிற்று. கட்டடம் அசையாமல் நிற்கும், மனிதன் நிற்பானா? எனவே ஒளிப்படக் கலை பிறந்தும், மனித முகம் அதற்கு எட்டாமலே இருந்தது.

பாரிஸில் இந்தக் கலையைக் கண்டு வந்த வியன்னாப் பேராசிரியர் எட்டிங்ஸ்ஹவுசன், இக்குறையைத் தீர்க்க ஒரு கணித அறிஞரால்தான் முடியும் என்று கருதிப் பெட்ஸ்வாலிடம் வந்தார். பெட்ஸ்வாலும் ஒப்புக்கொண்டார்.

அதுவரை லென்ஸ் செய்தவர்கள் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, கை வாகிலேயே பணியாற்றி வந்தனர். பெட்ஸ்வாலோ கண்ணாடியைத் தொடுமுன் காகிதத்தை எடுத்தார். ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பரப்பிலும் எப்படி வளையும் என்று கணக்கிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். மடக்கை அட்டவணைதான் துணை. ஒருவரால் ஆகிற காரியமா அது? ஆஸ்திரியப் பீரங்கிப் படைக்குத் தலைவராக இருந்த ஆர்ச்டியூக் லுட்விக், கணக்கில் தேர்ந்த எட்டுப் பீரங்கி வீரர்களையும் மூன்று கார்ப்பரல்களையும் அவருக்கு உதவியாக அனுப்பினார். குண்டு எங்கே விழும் என்று கணக்கிடப் பழகியவர்கள், ஒளி எங்கே விழும் என்று கணக்கிட்டார்கள். சுமார் ஆறு மாதத்தில், 1840-இல், வேலை முடிந்தது.

அந்த லென்ஸின் துளை எஃப்/3.6. எஃப் எண் என்பது குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. அது பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். 15-ஐ 3.6-ஆல் வகுத்து இருமடியாக்கிப் பாருங்கள்: 17 மடங்குக்கு மேல் வரும். அரைமணி நேரம் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிற்று. தகட்டின் ரசாயனமும் திருந்தியபின் நேரம் வினாடிகளாகக் குறைந்தது. மனித முகம் ஒளிப்படத்தில் இடம் பிடித்தது. இன்று நாம் வேகமான லென்ஸ் என்று பெருமையாகப் பேசும் அனைத்துக்கும் முன்னோடி இதுவே என்றால் மிகையாகாது.

நடுவும் விளிம்பும்

ஆனால் அந்த லென்ஸுக்கும் ஓர் எல்லை இருந்தது. நடுவில் அற்புதமான தெளிவு. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மங்கல். முகத்தை மட்டும் எடுப்பவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. பெட்ஸ்வாலுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நிலக்காட்சிகளுக்கென்று இரண்டாவது லென்ஸ் ஒன்றையும் அவர் கணக்கிட்டு வைத்திருந்தார். அது அகலமான பரப்பைத் தெளிவாகக் காட்டும். ஆனால் துளை எஃப்/8.7 அளவே. வேகம் வேண்டுமானால் அகலத்தை விட வேண்டும். அகலம் வேண்டுமானால் வேகத்தை விட வேண்டும். இரண்டையும் ஒரே லென்ஸில் தர அன்றைய கண்ணாடி இடம் கொடுக்கவில்லை.

ஏன் என்பதற்கான விடையையும் அவரே கண்டு, 1843-இல் பெஸ்ட் நகரில் வெளியிட்ட சிறு நூலில் அறிவித்தார். குவிலென்ஸ் தரும் பிம்பம் தட்டையான தளத்தில் விழுவதில்லை. கிண்ணத்தின் உட்புறம் போல் வளைந்த பரப்பில் விழுகிறது. தகடோ தட்டையானது. நடுவில் குவியம் சரியாக இருந்தால் ஓரம் தவறும். ஓரத்தைச் சரிசெய்தால் நடு தவறும். இந்த வளைவு எவ்வளவு என்பதற்கு ஓர் எளிய கூட்டல் போதும். ஒவ்வொரு லென்ஸின் திறனையும் அதன் ஒளிவிலகல் எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இதனைப் பெட்ஸ்வால் கூட்டுத்தொகை என்று இன்றும் வழங்குகிறார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், லென்ஸ்களுக்கு இடையில் உள்ள தூரம் இந்தக் கூட்டலில் வருவதே இல்லை. நம் ஆய்வகத்தில் உள்ள லென்ஸ்களைக் கொண்டே சொல்கிறேன். ஒரே கண்ணாடியில் செய்த இரண்டு லென்ஸ்கள். ஒன்று 10 செ.மீ. குவிலென்ஸ், மற்றது 10 செ.மீ. குழிலென்ஸ். ஒட்டி வைத்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 5 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், கூட்டமைப்பின் குவியத் தொலைவு 20 செ.மீ. என்று வரும். அதாவது அது பிம்பத்தைத் தரும். ஆயினும் அதன் பெட்ஸ்வால் கூட்டுத்தொகை சுழி! வளைவு இல்லாமல் பிம்பம் பெறும் வழி இதுவே. குழிலென்ஸ்களைத் தக்க இடத்தில் வைப்பதும், கண்ணாடியைத் தெரிந்தெடுப்பதும்தான் அந்தக் கலை. பிற்காலத்தில் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஆபேயும் ஷாட்டும் புதுவகைக் கண்ணாடிகளை உருக்கினர். அவற்றைக் கொண்டு பால் ருடால்ஃப் 1890-இல் வளைவும் மங்கலும் குறைந்த லென்ஸை அமைத்தார். பெட்ஸ்வால் சொன்ன வழியில் கண்ணாடித் தொழில் வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

இரண்டு லென்ஸ்கள், ஒரு சோதனை

இதைப் படித்தபின் மாமாவின் ஸ்டூடியோவுக்குச் சென்று ஒரு சோதனை செய்தேன். அங்கே 24 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ்கள் இரண்டு இருந்தன. நான் முன்பு இரவல் வாங்கியது பழையது; கண்ணாடி உள்ள கேமராவுக்காகச் செய்யப்பட்டு, அடாப்டர் மூலம் பொருந்துவது. மற்றது மிரர்லெஸ் கேமராவுக்கென்றே செய்யப்பட்டது. ஆண்டு விழாவுக்காகக் கல்லூரி முகப்பில் கட்டியிருந்த சீரியல் பல்புகளை இரவில் இரண்டு லென்ஸாலும் எடுத்தேன்.

இரண்டிலும் நடுப்பகுதி ஒன்றுபோலத் தெளிவாக இருந்தது. மூலையில்தான் வேறுபாடு. பழைய லென்ஸ் எஃப்/1.4-இல் மூலையில் இருந்த பல்புகளைச் சிறகு விரித்த பூச்சிகளைப் போலக் காட்டிற்று. மூலையில் குவியம் வைத்தபோது அவை ஓரளவு திருந்தின. உடனே நடு மங்கிற்று. பெட்ஸ்வால் சொன்ன வளைவை என் கண்ணாலேயே கண்டேன். எஃப்/4 வரை துளையைச் சுருக்கியபோது குறை பெரும்பாலும் மறைந்தது. புதிய லென்ஸோ எஃப்/1.4-இலேயே மூலைப் பல்புகளை ஏறத்தாழப் புள்ளிகளாகவே காட்டிற்று.

காரணம் இதுதான். பழைய கேமராவில் கண்ணாடி அசைய இடம் வேண்டும். ஆகவே லென்ஸ் பொருந்தும் வளையம் சென்சாரிலிருந்து 44 மி.மீ. அளவுக்கு மேல் தள்ளி இருந்தது. மிரர்லெஸ் கேமராவில் அந்தத் தூரம் 16 முதல் 20 மி.மீ. வரையே. ஆகவே சென்சாருக்கு மிக அருகில் பெரிய லென்ஸ்களை வைக்கலாம். பிம்பத் தளத்தை ஒட்டி வைக்கும் குழிலென்ஸ், மொத்தத் திறனை அதிகம் குறைக்காமல் வளைவை மட்டும் குறைக்கும். இதுவும் அந்த 1843-ஆம் ஆண்டுக் கூட்டலிலிருந்து வருவதே! பெட்ஸ்வாலின் லென்ஸில் இருந்தவை நான்கு கண்ணாடிகள். இன்றைய அகல வேக லென்ஸ்களில் பத்துக்கு மேல். எஃப்/3.6-ஐ விட எஃப்/1.4 ஆறரை மடங்கு ஒளியைத் தருகிறது. கோணமோ 84 பாகை. ஆனால் கணக்கு அதே கணக்கு.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓரத்து முகம் பக்கவாட்டில் இழுபடுவது லென்ஸின் பிழை அன்று. அகன்ற காட்சியைத் தட்டையான தளத்தில் விரிப்பதால் வருவது. எந்த விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதை நீக்க முடியாது.

உழைப்பும் ஊதியமும்

மீண்டும் பெட்ஸ்வாலிடம் வருவோம். அவர் தம் முதல் லென்ஸின் அமைப்பை வியன்னாவில் லென்ஸ் தொழில் நடத்திய ஃபோக்ட்லாண்டரிடம் ஒப்படைத்தார். ஒருமுறைத் தொகையாக 2000 குல்டன் கிடைத்தது. விற்பனையில் பங்கு எதுவும் இல்லை. லென்ஸ் ஆயிரக்கணக்கில் விற்றது. உலகமெங்கும் ஸ்டூடியோக்கள் தோன்றின. இருவருக்கும் இடையே 1845-இல் பூசல் முற்றியது. ஃபோக்ட்லாண்டர் 1849-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் தொழில் தொடங்கி அங்கும் லென்ஸைச் செய்தார். பின்னர் டீட்ஸ்லர் என்பவரோடு சேர்ந்து பெட்ஸ்வால் தம் இரண்டாவது லென்ஸை வெளியிட்டபோது, ஃபோக்ட்லாண்டரும் அதே அமைப்பில் ஒரு லென்ஸைக் கொண்டுவந்தார். சட்டமும் சந்தையும் பேராசிரியருக்குத் துணை நிற்கவில்லை.

இதைவிடப் பெரிய அடி 1859-இல் விழுந்தது. அவர் வீட்டுக்குள் யாரோ புகுந்து, ஒளியியல் பற்றிப் பல ஆண்டுகள் உழைத்து எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படிகளை அழித்துவிட்டார்கள். ஒரு பெரும் நூலாக வர வேண்டியது அது. 1843-இல் வெளியிட்ட சிறு நூலில் முடிவுகள் இருந்தன. அவற்றுக்கு வந்த வழி அழிந்த தாள்களோடு போயிற்று. சில ஆண்டுகளில் அவர் ஒளியியலையே கைவிட்டார். பிற்காலத்தவர் பலர் அந்த வழியைத் தாமே மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

மேதையின் பிழை

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறைகளை மறைத்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. 1852-இல் வியன்னா அறிவியல் கழகத்தில் பெட்ஸ்வால், கிறிஸ்டியன் டாப்ளரின் கொள்கை தவறு என்று கடுமையாக வாதிட்டார். ஒலி எழுப்பும் பொருள் நெருங்கினால் சுருதி உயரும், விலகினால் தாழும் என்று நாம் படிக்கிறோமே, அந்த டாப்ளர்தான். ஓடும் ரயில் வண்டியில் எக்காளம் ஊதச் செய்து, 1845-இலேயே ஹாலந்தில் அது மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. பெட்ஸ்வாலின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு வேறொரு நிலைமைக்கு உரியது. ஊடகம் மட்டும் நகர்ந்தால் அதிர்வெண் மாறாது என்பது உண்மையே. டாப்ளர் சொன்னதோ மூலமும் கேட்பவரும் நகர்வதைப் பற்றி. சபையில் பெட்ஸ்வாலின் குரலே ஓங்கிற்று. நுரையீரல் நோயால் நலிந்திருந்த டாப்ளர் வெனிஸ் நகருக்குச் சென்று, 1853 மார்ச்சில் காலமானார். தமக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்று வருந்திய பெட்ஸ்வாலே, மற்றொருவருக்கு உரிய மதிப்பைத் தர மறுத்தார் என்பது எனக்கு மிகவும் வேதனை தந்த செய்தி.

முதுமை அவருக்குத் தனிமையைத் தந்தது. 1869-இல் தம் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்மணியை மணந்தார். நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். 1877-இல் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மக்களிடமிருந்து ஒதுங்கி வாழ்ந்தார். 1891 செப்டம்பர் 17-ஆம் நாள் வியன்னாவில் அவர் உயிர் பிரிந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் ருடால்ஃபின் லென்ஸ் வந்திருந்தது. இன்று அவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. நிலவின் மறுபக்கத்தில் ஒரு பெரும் பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

நிறைவாக

இந்த வாழ்வைப் படித்து முடித்தபோது என் மனத்தில் நின்றவர்கள் அந்த எட்டு வீரர்களும் மூன்று கார்ப்பரல்களுமே. அவர்களுடைய எண்ணிக்கை எங்கும் இருக்கிறது. பெயர்கள் எனக்கு எங்கும் அகப்படவில்லை. லென்ஸைச் செய்து விற்றவர் புகழ் பெற்றார்; கணக்கிட்டவர் பாதிப் புகழ் பெற்றார்; கணக்குக்குக் கை கொடுத்தவர்கள் விளிம்பில் நின்று மங்கிப்போனார்கள். எங்கள் குழுப்படத்தில் அண்ணன் நின்றதைப் போல!

நான் கண்டறிந்ததைத் துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, படத்தை மீண்டும் எடுக்கச் சொன்னார். அண்ணன் ஓய்வூதியக் காகிதங்களுக்காகக் கல்லூரிக்கு வந்த ஒரு நாளில் எல்லோரையும் கூட்டினோம். துறைச் சுவரில் தொங்கும் பழைய குழுப்படங்களை அன்று உற்றுப் பார்த்தேன். அவற்றில் நாற்காலிகள் நேர்க்கோட்டில் இல்லை; கேமராவை நோக்கிச் சற்றே வளைந்து, பிறை போல இருந்தன. ஓரத்தில் இருப்பவரும் கேமராவுக்கு ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கால ஸ்டூடியோக்காரர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். நானும் அவ்வாறே நாற்காலிகளை அடுக்கினேன். ஆய்வகத்தை விட்டு வராந்தாவுக்கு வந்ததால் 35 மி.மீ. லென்ஸே போதுமானதாயிற்று. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, துளையை எஃப்/5.6-க்குச் சுருக்கினேன்.

அண்ணன் வழக்கம் போல ஓரத்துக்கு நடந்தார். முதல்வர் எழுந்து சென்று, அவர் தோளில் கை வைத்து அழைத்து வந்து நடு நாற்காலியில் அமர்த்திவிட்டு, தாம் ஓரத்தில் போய் அமர்ந்தார். படம் நன்றாக வந்தது. ஓரத்தில் இருந்த முதல்வரின் முகமும் தெளிவாகவே இருந்தது.

கணக்கால் விளிம்பைத் தெளிவாக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய பெட்ஸ்வாலுக்கு நம் வணக்கம். நடுவில் யாரை அமர்த்துவது என்பதை எந்த லென்ஸும் கணக்கிட்டுச் சொல்லாது. அது நம் பொறுப்பு.